கையெழுத்து மட்டும்தான் எம்எல்ஏவுடையது

திருப்பூரிலிருந்து கொடுவாய், குண்டடம் வழியாகத் தாராபுரம் போகிற ரோடு என்றில்லை, கொங்கு நாட்டில் எந்த ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றாலும் நிழற்குடைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நெற்றியில் எம்எல்ஏ பெயரோ எம்.பி. பெயரோ ஒரு முழ உயரத்துக்கு இருக்கும். எந்த நிதி, எந்த ஆண்டு, எத்தனை லட்சம் என்பதெல்லாம் அதற்குக் கீழே பொடி எழுத்தில். இது எந்த ஊர் ஸ்டாப் என்று தெரிய வேண்டுமானால் எதிரில் இருக்கும் பேக்கரியின் போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு நிழற்குடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவரிடம் இது யார் கட்டியது என்று கேட்டேன். "எம்எல்ஏ கட்டிக் குடுத்ததுங்க கண்ணு. நல்ல மனசு. அதுக்கு முந்தி இருந்தவரு போரு போட்டுக் குடுத்தாரு, அதுல இப்ப காத்துத்தான் வருது" என்றார்.

அவர் நன்றி சொன்னதில் தப்பில்லை. ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போகவில்லை. அந்த நிழற்குடைக்கு எம்எல்ஏவின் பாக்கெட்டிலிருந்து ஒரு பைசா வந்ததில்லை. அரசாங்கம் ஒதுக்கிய பணத்தில் ஒரு பைசாகூட அவர் கைக்குப் போகவும் கூடாது. அவர் செய்தது, 'இந்த இடத்தில் இந்த வேலையைச் செய்யலாம்' என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டது. இடத்தைப் பார்த்தது, மதிப்பீடு போட்டது, டெண்டர் விட்டது, அளந்தது, பில் பாஸ் பண்ணியது எல்லாம் அரசு அலுவலர்கள். பணம் அந்தப் பெரியம்மா கடையில் சோப்பு வாங்கும்போது கட்டிய வரியும் சேர்ந்தது.

மக்கள் பிரதிநிதிகள் பொதுப்பணத்தைச் சரியாகப் பயன்படுத்துகிறார்களா என்ற பேச்சு வந்தாலே நமக்குக் கமிஷன், ஊழல் என்றுதான் புத்தி போகிறது. அது இருக்கட்டும், அதற்கும் வருவோம். அதற்கு முன்னால் நடக்கும் ஒன்று இருக்கிறது. மக்களுக்கு உரிமையாக வர வேண்டியது ஒருவர் கொடுத்த கொடையாக மாறிவிடுகிறது. கொடை கொடுத்தவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்டால் நன்றி கெட்டவன் என்று ஆகிவிடும்.

பணம் எந்த வழியாக வருகிறது

தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். இரண்டரைக் கோடியாக இருந்ததை 2019-20இல் உயர்த்தினார்கள். 234 தொகுதிக்கும் சேர்த்தால் வருஷத்துக்கு 702 கோடி. எம்.பி.க்களுக்கான திட்டம் 1993 டிசம்பர் 23 அன்று, நரசிம்ம ராவ் பிரதமராக இருந்தபோது வந்தது. முதல் வருஷம் ஆளுக்கு 5 லட்சம்தான். அடுத்த வருஷமே 1 கோடி, 1998-99இல் 2 கோடி, 2011-12 முதல் 5 கோடி. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில் நிறுத்திவைத்து, 2021 நவம்பரில் மறுபடி திறந்தார்கள்.

எம்எல்ஏ நிதியில் ஒரு வேலை நடக்கும் வழி இது. எம்எல்ஏவின் பரிந்துரைக் கடிதம் கலெக்டருக்குப் போகும். அங்கிருந்து ஊரக வளர்ச்சி முகமைக்கு, பிறகு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு. ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து, புறம்போக்கா பட்டாவா என்று விசாரித்து மதிப்பீடு போடுவார். நிர்வாக அனுமதி வந்த பிறகு டெண்டர், பணி ஆணை. வேலை நடக்க நடக்க ஓவர்சீயர் அளந்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றுவார். மேலே இருப்பவர் அதைச் சரிபார்த்த பிறகுதான் கான்ட்ராக்டருக்குப் பில். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் இதே வேலை மாநகராட்சிப் பொறியாளர்கள் வழியாக நடக்கும். எம்.பி. நிதிக்கும் அடிப்படை இதேதான்: எம்.பி. பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் அனுமதிக்கிறது.

இந்தப் பிரிவினை ஒரு சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். எம்.பி. நிதித் திட்டமே அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று போட்ட வழக்கு 2010 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் முடிந்தது. திட்டம் செல்லும் என்றார்கள். சட்டம் இயற்றுகிறவரே செலவும் செய்வது அதிகாரப் பிரிவினைக்கு முரண் இல்லையா என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலின் சாரம், எம்.பி. பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார், அனுமதியும் செலவும் நிர்வாகத்திடம் இருக்கிறது என்பது. ஆக, எந்த ஊரில் எம்எல்ஏவின் ஆள் டெண்டரையும் சேர்த்துத் தீர்மானிக்கிறாரோ, அந்த ஊரில் இந்தத் திட்டம் எதன் மேல் நிற்கிறதோ அதுவே ஆட்டம் காண்கிறது.

வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் கொடுத்த அறிக்கையில், எம்.பி. நிதி, எம்எல்ஏ நிதி இரண்டையும் எடுத்துவிடலாம் என்றே பரிந்துரைத்தது. என்னைக் கேட்டால் நியாயம் அந்தப் பக்கம்தான் அதிகம். ஆனால் எந்தக் கட்சியும் இதை எடுக்கப் போவதில்லை. எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அடிக்கிற ஒரு வேட்பாளரையும் நான் பார்த்ததில்லை. இருக்கிறவரை ஒழுங்காக நடத்துவதைப் பற்றிப் பேசுவதுதான் காரியம்.

வால்பாறைக்கு எட்டாத பணம்

இந்த நிதிக்கு விதிகள் இருக்கின்றன. நிலைத்து நிற்கும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். தனியார் நிலத்தில் கூடாது. கோயில், மசூதி, சர்ச் எதற்கும் கூடாது. தனியாளுக்கு உதவித்தொகையாகக் கொடுக்க முடியாது. எம்.பி. நிதியில் இன்னொன்றும் உண்டு: ஒரு டிரஸ்டுக்கோ சங்கத்துக்கோ பரிந்துரைக்கும்போது, அதன் நிர்வாகத்தில் அந்த எம்.பி.யோ அவர் குடும்பத்தாரோ இருக்கக் கூடாது. எஸ்.சி. மக்கள் வாழும் பகுதிக்கு 15 சதவீதமும் எஸ்.டி. பகுதிக்கு 7.5 சதவீதமும் ஒதுக்கிப் பரிந்துரைக்க வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் இடத்துக்கு இடம் வேறு விதமாகக் கடிக்கின்றன. கோயம்புத்தூர் மாவட்டத்தின் இரண்டு தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டம்பாளையத்தில் 2021 தேர்தலின்போது வாக்காளர் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மாநிலத்திலேயே பெரிய தொகுதிகளில் ஒன்று. வால்பாறையில் சுமார் 2 லட்சம். இரண்டுக்கும் அதே 3 கோடி.

தலைக்கணக்குப் பார்த்தால் வால்பாறைக்காரர்களுக்கு இரட்டிப்புக் கிடைக்கிறது என்று தோன்றும். மலை மேல் போய்ப் பார்த்தால் கதை வேறு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் எஸ்டேட் கம்பெனி வசம் இருக்கும் இடத்தில். ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்குப் போகும் ரோடு எஸ்டேட் ரோடு. அதைத் தாண்டினால் ஆனைமலை புலிகள் காப்பகம். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லை நகர்த்த முடியாது. தனியார் நிலத்தில் கூடாது என்ற விதி, சமவெளியில் பொதுப்பணம் யாரோ ஒருவர் தோட்டத்துக்குள் போகாமல் காக்கிறது. அதே விதி மலை மேலே, தலைமுறையாகக் கொழுந்து பறிக்கிறவர் வாசல்வரை பணம் வராமல் தடுக்கிறது. அதே தொகுதியின் சமவெளிப் பக்கத்தில், ஆனைமலை, கோட்டூர் வட்டாரத்தில், இடம் கிடைப்பதும் வேலை முடிப்பதும் சுலபம். சுலபமான இடத்தை நோக்கியே பணம் ஓடும். இதில் களவு ஒன்றும் இல்லை. ஆனாலும் சரியான பயன்பாடு என்று எப்படிச் சொல்வது?

கவுண்டம்பாளையம் பக்கம் வேறு சிக்கல். லே-அவுட் மேல் லே-அவுட்டாக வளர்ந்த பகுதி. ஒவ்வொரு லே-அவுட்டிலும் பொதுப் பயனுக்கென்று விட்ட ரிசர்வ் சைட் இருக்கும். அதில் பூங்கா, நடைபாதை, கம்பிவேலி கேட்டு மனு வரும். மனு எழுதவும் பின்னால் அலையவும் நேரமும் படிப்பும் உள்ள சங்கங்கள் வாங்கிவிடுகின்றன. வேலி போட்டு, கேட் மாட்டி, பூட்டுப் போட்டு, சாவி சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டு ஆணியில் தொங்கும். பக்கத்து வீதியில் லைன் வீட்டில் குடியிருக்கும் பையன் அந்த ஊஞ்சலில் ஆட வேண்டுமானால் யாரிடம் போய் நிற்பது? நிலம் அரசு ஏட்டில் பொது இடம். பணம் பொதுப்பணம். பூட்டு மட்டும் தனியார்.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை பராமரிப்பு. நிதி கட்டுவதற்குத்தான், கட்டியதை நடத்துவதற்கு இல்லை. எம்எல்ஏ நிதியில் போர் போட்டு, சின்டெக்ஸ் டேங்க் வைத்து, குழாய் மாட்டி, திறப்பு விழா நடத்தி போட்டோ எடுத்தாகிவிட்டது. ஆறு மாதத்தில் மோட்டார் காயில் போனால்? ஊராட்சி பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்மின் கோபுர விளக்குக்கு மாதாமாதம் ஈ.பி. பில்? அதுவும் ஊராட்சி தலையில். கைப்பணம் இல்லாத ஊராட்சி, கோபுரத்தில் பாதி விளக்கை அணைத்துவைக்கும். போதாததற்கு, 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் இருந்தால் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடலாம். தனி அலுவலரைப் பார்க்க ஒன்றிய அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

சரி, கட்டியவை எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலாவது இருக்கிறதா? எம்.பி. நிதியை ஆராய்ந்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2011இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. விதியில் இல்லாத வேலைகளுக்குப் பணம் போனதையும், பல மாவட்டங்களில் சொத்துப் பதிவேடே ஒழுங்காக இல்லாததையும் அது எடுத்துக் காட்டியது. பதிவேடு இல்லையென்றால், ஏற்கெனவே போட்ட அதே ரோட்டை இன்னொரு நிதியில் மறுபடி போட்டதாகக் காட்டினாலும் கண்டுபிடிக்க ஆள் இல்லை.

மூன்று கோடியும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடியும்

3 லட்சம் வாக்காளர் உள்ள தொகுதியில் எம்எல்ஏ நிதி தலைக்கு வருஷம் 100 ரூபாய். ஒரு வேளை டிபன் காசு. 15 லட்சம் வாக்காளர் உள்ள மக்களவைத் தொகுதியில் எம்.பி. நிதி தலைக்கு 33 ரூபாய் சொச்சம். இந்தச் சின்னத் தொகையை வைத்துத்தான் 'எங்கள் எம்எல்ஏ வேலை செய்கிறார்' என்றும் 'செய்யவில்லை' என்றும் ஐந்து வருஷமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். பவானி ஆற்றின் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பம்ப் செய்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம். செலவு 1,916 கோடி ரூபாய். அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2019இல் எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஒரு தொகுதியின் எம்எல்ஏ நிதியைச் சேர்த்து வைத்து இதைச் செய்வதென்றால் அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகும். இது போராட்டத்தாலும் மனுவாலும் சட்டமன்றப் பேச்சாலும் இரண்டு ஆட்சிகளின் பட்ஜெட்டாலும் வந்தது.

இன்னும் பின்னால் போனால் பரம்பிக்குளம் - ஆழியாறு. 1961இல் நேரு வந்து தொடங்கிவைத்த திட்டம். சி. சுப்பிரமணியம் அமைச்சராக இருந்தார், நா. மகாலிங்கம் 1952 முதல் 1967 வரை பொள்ளாச்சி எம்எல்ஏ. தொகுதி நிதி என்ற ஒன்றே அன்றைக்குக் கிடையாது. அவர்களிடம் இருந்த பொது வளம் சட்டமன்றத்தில் எழுந்து பேசும் நேரம், அரசின் கோப்புகளைக் கேட்டு வாங்கும் உரிமை, பொறியாளர்களோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பு. பொள்ளாச்சி, உடுமலை பக்கத் தென்னந்தோப்புகள் குடிக்கும் தண்ணீரில் அதன் பலன் இருக்கிறது.

எம்எல்ஏவுக்கு நாம் கொடுத்திருக்கும் விலை உயர்ந்த வளம் அந்த நேரம்தான் என்பது என் எண்ணம். கேள்வி நேரம், மானியக் கோரிக்கை விவாதம், பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, அமைச்சர் கொடுத்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழு. இவற்றில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் வருவதும் பொதுப்பணத்தை வீணாக்குவதுதான். ஆனால் அதற்குத் தணிக்கை கிடையாது.

1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றது நினைவிருக்கும். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சடிக்க வேண்டி வந்தது, வாக்குப்பதிவைத் தள்ளிவைத்து நடத்தினார்கள். விளையாட்டுக்கு நின்றவர்கள் அல்ல அவர்கள். பெரும்பாலும் விவசாயிகள், தங்கள் கஷ்டத்தைக் காதில் போட்டுக்கொள்ள ஆள் இல்லை என்று காட்ட அந்த வழியை எடுத்தார்கள். அரசாங்கம் கொடுத்த பதில், அதே வருஷம் சட்டமன்றத் தேர்தல் டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக்கியது!

சம்பளம், ஆபீஸ், லெட்டர்பேட்

தமிழ்நாட்டில் எம்எல்ஏவுக்கு மாதச் சம்பளமும் படிகளும் சேர்த்து 1,05,000 ரூபாய் என்று 2017இல் உயர்த்தினார்கள். அதில் சம்பளம் என்பது 30,000தான். தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, தொலைபேசிக்கு 7,500, தபாலுக்கு 2,500 என்று மற்றவை வேறு வேறு தலைப்பில். அரசுப் பஸ்ஸில் இலவசப் பயணம் உண்டு. தொகுதிக்குள் அரசு கட்டிக் கொடுத்த அலுவலகம் உண்டு. இந்தத் தொகை அதிகம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொகுதிக்குள் நாளெல்லாம் சுற்றுகிறவருக்கு டீசலுக்கே பாதி போய்விடும். குறைத்துக் கொடுத்தால், சொந்தமாக மில்லும் கல்லூரியும் வைத்திருப்பவர் மட்டும்தான் எம்எல்ஏ ஆக முடியும். ஏற்கெனவே நம் பக்கம் பாதி அப்படித்தான் இருக்கிறது.

குறை வேறு இடத்தில். அரசியல் சட்டத்தின் 195வது பிரிவுப்படி எம்எல்ஏக்களின் சம்பளத்தைச் சட்டமன்றமே தீர்மானிக்கிறது, அதாவது அவர்களே. பிரிட்டனில் 2009இல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு வெளியே வந்து நாறியபோது, குளத்து வாத்துக்கு வீடு வாங்கிய செலவுவரை கேட்டிருந்தது தெரிந்தது. சபாநாயகரே பதவி விலகினார். அதற்குப் பிறகு அங்கே செலவுக் கணக்கைப் பார்க்கவும் சம்பளத்தை நிர்ணயிக்கவும் தனி அமைப்பு வந்தது. இங்கே படி என்பது மொத்தமாக வருகிறது. தொகுதிப் படி 25,000 எதற்குச் செலவானது என்று பில் வைக்கச் சொல்வதில்லை.

அலுவலகம் கொஞ்சம் நுணுக்கமான விஷயம். அது தொகுதிக்கான அலுவலகம். ஓட்டுப் போட்டவர், போடாதவர், எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் எல்லாரும் மனுவோடு உள்ளே வர முடிய வேண்டும். வாசலில் கட்சிக்கொடி பறந்து, உள்ளே பூத் கமிட்டிக் கூட்டம் நடந்தால், வேறு கட்சிக்காரர் படியேறுவாரா? தேர்தல் தேதி அறிவித்ததும் வருவாய்த் துறையினர் வந்து எம்எல்ஏ அலுவலகங்களைப் பூட்டிச் சீல் வைக்கிறார்கள். கல்வெட்டுகளிலும் நிழற்குடைகளிலும் உள்ள பெயர்களை நியூஸ்பேப்பர் ஒட்டியோ சுண்ணாம்பு அடித்தோ மறைக்கிறார்கள். ஈரோடு கிழக்குத் தொகுதிக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. 2021 பொதுத் தேர்தல், 2023 இடைத்தேர்தல், 2025 இடைத்தேர்தல் என்று நாலு வருஷத்துக்குள் சட்டமன்றத்துக்கு மட்டும் மூன்று முறை வாக்களித்தார்கள். நடத்தை விதி வந்துவிட்டால் தொகுதி நிதியில் புது வேலைக்குப் பணம் விடக் கூடாது. பணி ஆணை கொடுத்திருந்தாலும் தொடங்காத வேலையைத் தொடங்கக் கூடாது. நடந்துகொண்டிருப்பது நடக்கலாம். விதி என்னவோ நல்ல விதி. ஆனால் நடுவில் இருக்கும் மற்ற நாட்களில் எல்லாம் அந்த அலுவலகத்தில் கட்சிக்கூட்டம் நடக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை.

தேர்தல் நேரத்தில் அரசு ஊழியரை வேலை வாங்குவது லேசான குற்றம் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(7) அதை ஊழல் நடவடிக்கை என்றே வகைப்படுத்துகிறது. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் வெற்றியைச் செல்லாது என்று சொன்னதே இதில்தான். அவருக்காக உத்தரப் பிரதேச அதிகாரிகள் மேடை போட்டுக் கொடுத்ததும், அரசுப் பணியில் இருந்தவரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியதும்தான் காரணம். பிறகு உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை, நடுவில் சட்டத்தையே திருத்தினார்கள். ஆனாலும் மேடைக்கு அடித்த பந்தக்காலில் ஒரு பிரதமர் பதவி ஆடியது என்பதை உள்ளூர் வி.ஏ.ஓ.வை வைத்து ஆள் திரட்டச் சொல்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

லெட்டர்பேடும் பொது வளம்தான். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் ஒவ்வொரு எம்.பி.யும் வருஷத்துக்கு 10 பிள்ளைகளைச் சேர்க்கப் பரிந்துரைக்கலாம் என்று இருந்தது. 2022இல் எடுத்துவிட்டார்கள். பல எம்.பி.க்களுக்கே உள்ளூர நிம்மதி என்று கேள்வி: பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஆயிரம் பேருடைய வருத்தம். டிரான்ஸ்ஃபருக்கும் ஆஸ்பத்திரி பெட்டுக்கும் கடிதம் கேட்டு வருகிறவர்களை எந்த எம்எல்ஏவாலும் திருப்பி அனுப்ப முடிவதில்லை. வரிசையில் நிற்பவர் ஒருவரைத் தாண்டித்தான் அந்தக் கடிதம் வேலை செய்கிறது என்பதை வாங்குகிறவரும் யோசிப்பதில்லை.

விளம்பரத்தில் படம் போடும் விவகாரம் ஒரு வரியில் முடியும். அரசுச் செலவில் வரும் விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படம் மட்டும் இருக்கலாம் என்று 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு வருஷமே முதலமைச்சர்களும் அமைச்சர்களும் போடலாம் என்று தளர்த்திக்கொண்டது. கதவு கொஞ்சம் திறந்த பிறகு அதை யார் மூடுவது?

கமிஷன் விவகாரம்

டீக்கடையில் பேசும் சதவீதங்களை இங்கே எழுதப் போவதில்லை. நிரூபிக்க முடியாததை எழுதி என்ன பயன்? எந்த இடத்தில் நுழைய முடியும் என்று மட்டும் பார்க்கலாம். ஒரு ரோட்டை மூன்று துண்டாக்கி மூன்று சின்ன வேலையாக மதிப்பீடு போட்டால் டெண்டருக்கு வரும் போட்டி சுருங்கும். மதிப்பீட்டில் எட்டு அங்குலக் கான்கிரீட், தரையில் ஐந்து அங்குலம் என்றால் வித்தியாசம் எம்-புக்கில் தெரியாது, உடைத்தால்தான் தெரியும்.

சட்டத்திலும் ஒரு சந்து இருக்கிறது. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் எம்எல்ஏவின் பதவி பறிபோகும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு. அவர் பெயரில் இருந்தால்தான். மச்சான் பெயரிலோ மருமகன் பெயரிலோ நடக்கும் கான்ட்ராக்ட் கம்பெனியை அந்தப் பிரிவு தொடாது. எம்.பி. நிதியில் டிரஸ்டுக்குப் பணம் போகும்போது குடும்பம் இருக்கக் கூடாது என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, இதில் அப்படி எழுதத் தெரியாமல் போனது ஆச்சரியம்.

நம் ஊர்களில் நோம்பி (திருவிழா) முடிந்த மறு வாரம் கோயில் கணக்கை வாசிப்பார்கள். வரி வசூல் இவ்வளவு, பந்தல் இவ்வளவு, மேளக்காரருக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு. வாழைமரத்துக்கு 200 ரூபாய் கூடுதலாகப் போட்டிருந்தால் திண்ணையிலிருந்து ஒருவர் எழுந்து, "அதென்னுங்க, சந்தையில அந்த விலை இல்லீங்களே" என்பார். தர்மகர்த்தாவும் கோபிக்க மாட்டார், ரசீதை எடுத்து நீட்டுவார். அதே ஊரில் 15 லட்சம் ரூபாய்க்கு வந்த சமுதாயக் கூடத்தின் கணக்கை ஒருவரும் கேட்பதில்லை. முன்னது நம் காசு, பின்னது அவர் கொடுத்தது.

கேட்பதற்கு வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை: பரிந்துரைக் கடிதத்தின் நகல், மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், பணி நிறைவுச் சான்று. பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் 2வது பிரிவில் சொல்லியிருக்கும் தகவல் உரிமையில், நடக்கும் வேலையை நேரில் பார்வையிடுவதும் பொருளின் மாதிரியை எடுப்பதும் அடக்கம். ஜல்லியும் சிமென்டும் என்ன விகிதம் என்று சந்தேகம் இருந்தால் மாதிரி கேட்கலாம்.

கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்துக்குப் போய் எம்எல்ஏவைத் திட்டுவதில் பயன் இல்லை. அவர் அங்கே இருக்கவும் மாட்டார். கேட்க வேண்டியது இரண்டு. இந்த வருஷம் நம் ஊராட்சிக்குள் எம்எல்ஏ, எம்.பி. நிதியில் பரிந்துரை வந்த வேலைகளின் பட்டியலை வாசிக்கச் சொல்வது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மின் கட்டணமும் பழுதுச் செலவும் எந்தக் கணக்கிலிருந்து என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வது இன்னொன்று. முதலாவதற்குப் பட்டியல் ஒன்றியத்தில் இருக்கிறது என்பார்கள். எடுத்து வரச் சொல்லலாம். இரண்டாவதற்கு அனேகமாகப் பதில் இருக்காது. பதில் இல்லை என்பதையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அடுத்த போருக்கு மதிப்பீடு போடுகிற பொறியாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் போக முடியாது.